டப்பாவுக்குள் குலுங்கும் மாத்திரை: பெண்களுக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்து ஏன் போய்ச் சேரவில்லை?

வேப்பம்பூ (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் வேலை நிமித்தமாக ஆறு வருடம் தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் இருந்தோம். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் பதிவேடு எழுதும் வேலைக்குப் போனேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை, எத்தனை டப்பா வாங்கிப் போனார்கள், அவ்வளவுதான் என் கணக்கு.

அங்கே கொடுத்தது 'பிரெப்' மாத்திரை. எச்.ஐ.வி. இல்லாதவர், அது வராமல் இருக்க முன்கூட்டியே எடுத்துக்கொள்வது. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் இரண்டும் ஒரே மாத்திரையில் இருக்கும். அமெரிக்காவில் 2012 ஜூலையில் இதற்கு அனுமதி கிடைத்தது. தென் ஆப்பிரிக்கா 2016-ல் பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்குக் கொடுக்க ஆரம்பித்து, பிறகு இளம்பெண்கள் வரை விரித்தது. காசு கிடையாது. ஆனாலும் முதல் மாதம் வந்த பல பெண்கள் மூன்றாம் மாதம் என் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, டப்பாவை வாங்கியதும் என் மேஜை மேலேயே திறந்து, மாத்திரைகளைக் கைக்குட்டையில் கொட்டி முடிச்சுப் போட்டாள். காலி டப்பாவை என் குப்பைக்கூடையில் போட்டாள். ஏன் என்று கேட்டேன். டப்பாவை எடுத்து, இரண்டு மாத்திரையைத் திரும்பப் போட்டு, என் காதருகே குலுக்கிக் காட்டினாள். "இந்தச் சத்தம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்" என்றாள். எச்.ஐ.வி. உள்ளவர்கள் வாங்கும் மருந்தும் இதே மாதிரி டப்பாவில்தான் வருகிறது. பையில் அது குலுங்கினால், பாட்டி முதல் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வரை முடிவு கட்டிவிடுவார்கள். காதலன் கேட்டால் இன்னும் மோசம். "உனக்கு நோயா, இல்லை என்னைச் சந்தேகப்படுகிறாயா?" இரண்டுக்கும் அடி ஒன்றுதான்.

அப்புறம்தான் பழைய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். 'வாய்ஸ்' என்று ஒன்று. தென் ஆப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்கள். மாத்திரையும் பலன் தரவில்லை, பெண்ணுறுப்பில் தடவும் ஜெல்லும் பலன் தரவில்லை என்று 2013-ல் அறிவித்தார்கள். கேட்டபோது பத்தில் ஒன்பது பங்கு நாட்கள் சாப்பிட்டதாகப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். ரத்தத்தைப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில்கூட மருந்து இல்லை. உடனே பேச்சு கிளம்பியது: பெண்கள் பொய் சொன்னார்கள், பொறுப்பில்லை, இவர்களுக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை.

எனக்கு அந்தக் கைக்குட்டை முடிச்சுதான் ஞாபகம் வருகிறது. மருந்தில் கோளாறு இல்லை, பெண்ணிடமும் கோளாறு இல்லை. அவள் ஒளித்து வைக்க முடியாத வடிவத்தில் கொடுத்துவிட்டு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பதுதான் கோளாறு. தடுப்பு மருந்து எல்லாப் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள், எந்த வடிவத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்த இழை.

மதுரைக்காரன்

நல்ல பதிவு. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். ஆணுறை இருக்கிறது, விலை குறைவு, பக்க விளைவு கிடையாது. நோயே இல்லாதவர்களுக்குத் தினமும் மருந்து கொடுப்பது மருந்துக் கம்பெனிக்குத்தானே லாபம்? தவறாக நினைக்க வேண்டாம், தெரியாமல்தான் கேட்கிறேன்.

சுருக்குப்பை

அண்ணே, ஆணுறையை யார் போட வேண்டும்?

மதுரைக்காரன்

ஆண்தான்.

சுருக்குப்பை

அவ்வளவுதான் பதில்.

டாக்டர் தில்லை

மதுரைக்காரன் கேட்டது நியாயமான கேள்வி. சுருக்குப்பை ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் மருந்துப் பக்கத்தைச் சொல்கிறேன்.

பெண் தானாகவே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று வேண்டும் என்ற தேடல் இருபது முப்பது வருடப் பழசு. 2010-ல் வியன்னா மாநாட்டில் 'கேப்ரிசா 004' முடிவை வெளியிட்டபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. குவராய்ஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம் என்ற தம்பதி, வேப்பம்பூ இருந்த அதே டர்பன்காரர்கள், நடத்திய ஆய்வு. 889 பெண்களிடம் டெனோஃபோவிர் ஜெல் 39% தொற்றைக் குறைத்தது. பெண்ணின் கையில் இருக்கும் ஒரு பொருள் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்று முதன்முதலாகக் காட்டியது அதுதான். அதை உறுதிசெய்ய நடந்த அடுத்த பெரிய ஆய்வு 2015-ல் தோற்றது. காரணம் பழையதுதான், பெரும்பாலோரால் ஒழுங்காகப் பயன்படுத்த முடியவில்லை.

மருந்து வேலை செய்யாது என்று நினைத்துவிடாதீர்கள். கென்யாவிலும் உகாண்டாவிலும் 4,747 தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத வீடுகளில், இந்த இரட்டை மருந்து மாத்திரை 75% தடுத்தது. இத்தனைக்கும் பாதிக்கப்படக்கூடிய பக்கத்தில் பெண்களும் நிறைய இருந்தார்கள். என்ன வித்தியாசம்? அங்கே இருவருக்கும் விஷயம் தெரியும். ஒளிக்க வேண்டியதில்லை. டப்பா அலமாரியில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருந்தது. வேப்பம்பூ சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

உடலியல் ரீதியாகவும் ஒரு சிக்கல் உண்டு. டெனோஃபோவிர் குதத் திசுக்களில் சேரும் அளவுக்குப் பெண்ணுறுப்புத் திசுக்களில் சேர்வதில்லை. அதனால் சில ஆண்களுக்குச் சொல்லப்படும் 'தேவைப்படும்போது மட்டும்' முறை பெண்களுக்குக் கிடையாது. தினமும் எடுக்க வேண்டும். ஆரம்பித்து ஒரு வாரம் கழித்துத்தான் நம்பலாம். அதாவது, ஒளித்துவைக்க அதிகக் கஷ்டப்படுகிறவருக்குத்தான் மாத்திரையும் அதிகக் கறாராக இருக்கிறது.

பட்டறை

எல்லாம் சரி டாக்டர். உகாண்டா, கென்யா, ஜிம்பாப்வே என்று அடுக்குகிறீர்கள். ஏழைக் கறுப்பினப் பெண்களின் உடம்பில் சோதனை, லாபம் கலிஃபோர்னியாவில் இருக்கும் மருந்துக் கம்பெனிக்கு. இதைத் 'தடுப்பு மருந்துக்காகக் குரல் கொடுப்பது' என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது.

வேப்பம்பூ

உறுத்தத்தான் வேண்டும். அதை முதலில் கேட்டவர்களும் பெண்கள்தான். 2004-ல் கம்போடியாவில் பாலியல் தொழிலாளர் பெண்களிடம் இந்த டெனோஃபோவிரைச் சோதிக்கத் திட்டமிட்டார்கள். பின்னால் பக்க விளைவு வந்தால் யார் வைத்தியம் பார்ப்பது, நீண்டகாலக் காப்பீடு உண்டா என்று அந்தப் பெண்களின் சங்கம் கேட்டது. சரியான பதில் இல்லை. பிரதமர் ஹுன் சென் ஆய்வையே நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் கேமரூனிலும் ஓர் ஆய்வு நின்றது.

ஆனால் பட்டறை, இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். பெண்களைச் சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. லண்டனில் இருக்கும் யாழினி சொன்னால் நன்றாக இருக்கும். தங்கச்சி, வந்து எழுதும்மா.

யாழினி

அக்கா கூப்பிட்டதால் எழுதுகிறேன். நான் இங்கே பாலியல் சுகாதாரக் கிளினிக் ஒன்றில் தாதியாக இருக்கிறேன்.

டெஸ்கோவி என்று ஒரு மாத்திரை. பழைய ட்ருவாடாவின் (அக்கா முதலில் சொன்ன அந்த இரட்டை மருந்து மாத்திரை) தம்பி என்று வையுங்கோ, சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் கொஞ்சம் இதமானது. அதைப் பிரெப்பாகச் சோதித்த பெரிய ஆய்வில் ஆண்களோடு உறவு வைக்கும் ஆண்களையும் திருநங்கைகளையும் மட்டும்தான் எடுத்தார்கள். எங்களை எடுக்கவில்லை. 2019 ஒக்டோபரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தபோது, பெண்ணுறுப்பு வழி உறவில் ஆபத்து உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்று எழுதியே கொடுத்தார்கள். தரவு இல்லையாம். ஒருவரும் தேடாவிட்டால் தரவு எங்கேயிருந்து வரும்?

இங்கிலாந்திலும் அப்படித்தான். 2017-ல் தொடங்கிய பெரிய பிரெப் ஆய்வில் இருபத்துநாலாயிரம் பேருக்கு மேல். அதில் பெண்கள் மிக மிகக் குறைவு. 2020 இலையுதிர் காலத்தில் அரசாங்கக் கிளினிக்குகளில் எல்லாருக்கும் இலவசம் என்று வந்துவிட்டது. ஆனால் வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களில் எல்லாம் பெடியன்கள்தான். ஒரு பொம்பிளை உள்ளே வந்தால், கருத்தடைக்கு வந்தீங்களா என்றுதான் கேட்போம். நானே அப்படித்தான் கேட்டிருக்கிறேன், இப்போது வெட்கமாக இருக்கிறது. எங்கள் தமிழ்ப் பெண்கள் வந்தால் அதுகூடக் கேட்கமாட்டோம். கல்யாணம் கட்டினவ, இவவுக்கு ஏன் என்று நாங்களே முடிவெடுத்துவிடுவோம்.

சுருக்குப்பை

யாழினி சொன்ன கடைசி வரி என்னை எழுத வைத்துவிட்டது.

2000-களின் தொடக்கத்தில் நம் ஊரில் சுவரெல்லாம் ஒரு கேள்வி இருந்தது: "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" நான் அப்போது பள்ளிக்கூடம். வாத்தியார்கள் சிரிப்பார்கள், ஆட்டோ பின்னால் எழுதியிருக்கும், டீக்கடையில் கிண்டல் நடக்கும். எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரமாக அது பெரிய வெற்றி, மறுக்கவில்லை. ஆனால் புள்ளிராஜாவின் பெண்டாட்டிக்கு வருமா என்று ஒரு சுவரில்கூட நான் பார்த்ததில்லை.

என் சித்தி மகள் ஒரு நம்பிக்கை மையத்தில், அதாவது அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையத்தில், ஆலோசகராக இருந்தாள். அவள் சொல்வாள்: "அக்கா, வருகிற பெண்களில் பாதிக்கு மேல் கர்ப்பப் பரிசோதனையில்தான் முதன்முதலாக விஷயம் தெரிந்துகொள்கிறார்கள். ஒரே ஒருவரோடு வாழ்ந்தவர்கள்." அவர்களிடம் போய் 'ஆபத்தான நடத்தை உண்டா' என்ற படிவத்தை நிரப்பச் சொன்னால் என்ன எழுதுவார்கள்? அவர்களின் ஆபத்தான நடத்தை, கழுத்தை நீட்டியது.

இன்னொன்று. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில். யாருடைய ரத்தம்? காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர் பெண்களுடையது. நாட்டுக்கே எச்சரிக்கை கொடுத்த ரத்தம் அது. நாற்பது வருடமாகப் போகிறது, அவர்களுக்கான தடுப்பு மருந்து பற்றி நாம் இன்னும் 'இதெல்லாம் தேவையா' என்ற கட்டத்தில்தான் இருக்கிறோம்.

ஜாலிபாய்_22

[இப்பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர்

பெண்களை இழிவாகப் பேசும் பின்னூட்டம் நீக்கப்பட்டது. அடுத்த முறை கணக்கே போகும். தொடருங்கள்.

மதுரைக்காரன்

சுருக்குப்பை, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் விடமாட்டேன். இப்போது எச்.ஐ.வி. உள்ளவர் ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குப் போய்விட்டால், உறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவாது என்கிறார்களே. அப்படியென்றால் புருஷனுக்கு வைத்தியம் பார்த்தால் போதாதா?

டாக்டர் தில்லை

அது முழுக்க உண்மை, எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியதும் கூட. ஆனால் அதற்குப் புருஷன் முதலில் பரிசோதனைக்கு வர வேண்டும், முடிவைச் சொல்ல வேண்டும், தினமும் மாத்திரை போட வேண்டும். மூன்றும் அவர் கையில். ஆணுறைக் கதையேதான் திரும்ப வருகிறது.

டர்பன் பகுதியில் வைரஸின் மரபணுவை ஒப்பிட்டு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பார்த்தார்கள், 2016-ல் வெளியானது. இளம்பெண்களுக்குத் தொற்று வந்தது பெரும்பாலும் அவர்களைவிடச் சராசரியாக எட்டு வயதுக்கு மேல் மூத்த ஆண்களிடமிருந்து. அந்த ஆண்களில் பலருக்குத் தமக்குத் தொற்று இருப்பதே தெரியாது.

வேப்பம்பூ

அந்த ஊரில் அப்படிப்பட்ட மூத்த ஆணுக்கு ஒரு பெயரே உண்டு, 'பிளெஸ்ஸர்'. ஆசீர்வதிக்கிறவராம்! போனுக்கு ரீசார்ஜ், காலேஜ் பணம், தலைமுடி அலங்காரம் எல்லாம் அவர் கொடுப்பார். அவரிடம் போய் 'டெஸ்ட் எடுத்தீங்களா' என்று கேட்கிற பெண்ணுக்கு அடுத்த மாத ஹாஸ்டல் வாடகை யார் கட்டுவது?

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். வடிவம் மாறினால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

முதலில் வளையம். டாபிவிரின் என்ற மருந்து உள்ள மெத்தென்ற சிலிக்கோன் வளையம், பெண்ணே உள்ளே வைத்துக்கொள்ளலாம், மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். 2016-ல் வந்த இரண்டு ஆய்வுகளில் 27%, 31% என்றுதான் தடுப்பு. குறைவுதான். ஆனால் அதிலேயே 25 வயதுக்கு மேற்பட்ட, ஒழுங்காக வைத்துக்கொண்ட பெண்களிடம் 61% வரை போனது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதே வருடக் கடைசியில் அமெரிக்காவில் மட்டும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. எங்களுக்கு எது வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம், எங்கள் சார்பில் நீங்கள் ஏன் நிராகரிக்கிறீர்கள் என்று ஆப்பிரிக்கப் பெண் செயற்பாட்டாளர்கள் கொதித்தார்கள்.

அடுத்து ஊசி. கபோடெக்ராவிர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் 3,224 பெண்கள். மாத்திரைக் குழுவைவிட ஊசிக் குழுவில் தொற்று கிட்டத்தட்ட 89% குறைவு. 2020 நவம்பரில் பாதியிலேயே நிறுத்தி, முடிவு தெளிவாகிவிட்டது என்றார்கள்.

அதற்கப்புறம் வந்ததுதான் லெனகாபவிர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வயிற்றுத் தோலுக்கு அடியில். தென் ஆப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுப் பெண்கள் 5,300-க்கு மேல். ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் புதிய தொற்று எத்தனை? பூஜ்யம். ஒருவருக்குக்கூட இல்லை. அதே ஆய்வில் தினசரி மாத்திரை வாங்கியவர்களில் 55 பேருக்குத் தொற்று வந்தது. அதில் 39 பேர் யாழினி சொன்ன அந்த டெஸ்கோவி வாங்கியவர்கள். 2024 ஜூனில் இந்தச் செய்தி வந்தபோது நான் ஊர் திரும்பிவிட்டேன். பழைய சக ஊழியை வாட்ஸாப்பில் ஒரு முட்டை எமோஜி அனுப்பினாள். பூஜ்யம் என்று அர்த்தம். நான் சமையலறையில் நின்று அழுதேன்.

அதே ஊர், அதே வயதுப் பெண்கள். பொறுப்பில்லாதவர்கள் என்று பேர் வாங்கியவர்கள். குலுங்காத மருந்தைக் கொடுத்தவுடன் அத்தனை பேரும் பொறுப்பானவர்களாகிவிட்டார்கள் பார்த்தீர்களா!

பட்டறை

பூஜ்யம் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். சரி, வாபஸ் வாங்குகிறேன், பாதி மட்டும். விலை என்ன?

கணக்குப்பிள்ளை

என் இலாகா வந்துவிட்டது.

2025 ஜூன் 18 அன்று அமெரிக்கா லெனகாபவிரை அனுமதித்தது. அதைத் தயாரிக்கும் கிலியட் கம்பெனி வைத்த விலை ஒருவருக்கு ஒரு வருடத்துக்கு 28,218 டாலர். நம் பணத்தில் 24, 25 லட்சம். வருடத்துக்கு இரண்டு ஊசி, ஆகவே ஒரு ஊசி ஒரு நல்ல கார்.

இதைப் பெருமளவில் தயாரித்தால் அடக்கம் என்ன ஆகும் என்று லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹில்லும் அவர் குழுவும் கணக்குப் போட்டார்கள். 40 டாலர் வரை இறங்கலாம் என்றார்கள், பிறகு இன்னும் குறைத்து 25 என்றார்கள். முதலில் சிரித்தவர்கள் உண்டு. 2024 அக்டோபரில் கிலியட் ஆறு கம்பெனிகளுக்கு, 120 நாடுகளில் விற்க, உரிமத் தொகை இல்லாமல் அனுமதி கொடுத்தது. 2025 செப்டம்பரில் ஹைதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டரோவும் தனித்தனி ஒப்பந்தங்களில் விலையை அறிவித்தன: 2027 முதல் வருடத்துக்கு 40 டாலர். கணக்குச் சரியாக வந்துவிட்டது. 28,218 எங்கே, 40 எங்கே. நடுவில் இருப்பது ரசாயனம் இல்லை, காப்புரிமை.

இந்த நாடகம் நமக்குப் புதிதில்லை. 2001-ல் நம் நாட்டு மருந்துக் கம்பெனி சிப்லாவின் யூசுஃப் ஹமீத் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றார், அப்போது மேலை நாட்டு விலை பத்தாயிரம் டாலருக்கு மேல். விலை தானாக இறங்குவதில்லை, யாராவது இறக்க வேண்டும்.

ஆனால் அந்த 120-ல் பிரேசில் இல்லை, அர்ஜென்டினா இல்லை, மெக்சிகோ இல்லை, பெரு இல்லை. ஆண்களையும் திருநர்களையும் வைத்து நடந்த இரண்டாவது லெனகாபவிர் ஆய்வில் இந்த நான்கு நாட்டுக்காரர்களும் உடம்பைக் கொடுத்தவர்கள். பட்டறை, உங்கள் மீதிப் பாதியை இங்கே வைத்துக்கொள்ளலாம்.

பட்டறை

வைத்துக்கொண்டேன்.

யாழினி

ஒரு சின்னச் சேர்க்கை. லெனகாபவிர் ஊசி ஒன்றும் மந்திரமில்லை. போட்ட இடத்தில் தோலுக்குக் கீழே கட்டி போல ஒன்று சில மாதம் தட்டுப்படும். தொடங்கும்போது முதல் இரண்டு நாளும் மாத்திரையும் விழுங்க வேண்டும். எச்.ஐ.வி. இல்லை என்று ஒவ்வொரு முறையும் சோதித்த பிறகுதான் போடுவது. சிலருக்கு ஊசி பயம், அவர்களுக்கு மாத்திரையே நல்லது. சிலருக்கு வளையம். கருத்தடைக்கு எத்தனை வழி வைத்திருக்கிறோம், இதற்கு மட்டும் ஏன் ஒன்றே ஒன்று என்று சண்டை?

வேப்பம்பூ

அதையேதான் 2023-ல் உகாண்டாவின் கம்பாலாவில் ஆப்பிரிக்கப் பெண்கள் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டார்கள். தேர்வு எங்களுடையது, மாத்திரை, வளையம், ஊசி எல்லாவற்றையும் மேஜை மேல் வையுங்கள் என்று.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். பல வருடமாக இந்த ஆய்வுகளில் ஒரு பெண் கர்ப்பமானால் மருந்தை உடனே நிறுத்திவிடுவார்கள். பாதுகாப்பாம். ஆனால் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் தொற்று வரும் வாய்ப்பு கூடுதல், பிள்ளைக்கும் போகும். லெனகாபவிர் ஆய்வில் கர்ப்பமான பெண்கள், சம்மதித்தால், மருந்தோடு தொடரலாம் என்று வைத்தார்கள். ஐந்நூறு கருத்தரிப்பு வரை அதில் நடந்தன. அந்தப் பெண்களால்தான் இன்றைக்கு நமக்குத் தகவல் இருக்கிறது.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. பெப்ஃபார் என்ற அவர்களது எய்ட்ஸ் நிதிதான் ஆப்பிரிக்காவில் பிரெப்பின் முதுகெலும்பாக இருந்தது. பிப்ரவரியில் விலக்கு கொடுத்தார்கள்: பிரெப், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மட்டும். நான் திரும்பத் திரும்பப் படித்தேன். முன்பு கர்ப்பமானால் மருந்து கிடையாது. இப்போது கர்ப்பமானால்தான் மருந்து. அந்தக் கைக்குட்டைப் பெண் கர்ப்பமாக இல்லை. பாலியல் தொழில் செய்யும் பெண் கர்ப்பமாக இல்லை. அவர்கள் வயிற்றில் ஒரு பிள்ளை வந்தால்தான் கணக்கில் வருவார்கள்.

எங்கள் பழைய அமைப்பு மூடப்பட்டுவிட்டது. பதிவேடுகள் எங்கே என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

முற்றிலும் இருட்டு என்று சொல்லமாட்டேன். குளோபல் ஃபண்ட் என்ற சர்வதேச நிதி அமைப்பும் பெப்ஃபாரும் மூன்று வருடத்தில் 20 லட்சம் பேருக்கு லெனகாபவிர் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். 2025 நவம்பரில் எஸ்வாட்டினிக்கும் ஜாம்பியாவுக்கும் முதல் ஊசிகள் போய்ச் சேர்ந்துவிட்டன.

மதுரைக்காரன்

இதில் குரல் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது. அமெரிக்கா நிறுத்தினால் நின்றுவிட்டது.

வேப்பம்பூ

நான் இருந்த தென் ஆப்பிரிக்காவிலிருந்தே பதில் சொல்கிறேன். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்று போகாமல் தடுக்க நெவிரபின் என்று ஒரு மருந்து. பிரசவ வலி எடுக்கும்போது தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்கு ஒரு வாய் மருந்து. அவ்வளவுதான். தென் ஆப்பிரிக்க அரசு அதை ஒவ்வொரு மாகாணத்திலும் இரண்டொரு இடத்தில் மட்டும் கொடுத்துக்கொண்டு, பார்க்கலாம் என்றது. அப்போதைய சுகாதார அமைச்சர் பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் சாப்பிடச் சொன்னவர், நினைவிருக்கலாம். 1998-ல் தொடங்கிய டி.ஏ.சி. என்ற, எச்.ஐ.வி. மருந்து கேட்டுப் போராடும் இயக்கம் வழக்குப் போட்டது. கோர்ட் வாசலில் பெண்கள் 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று எழுதிய சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த 1998-ன் கடைசியில்தான், தனக்குத் தொற்று இருப்பதை வெளியே சொன்னதற்காக குகு டிலாமினி என்ற பெண்ணை டர்பனுக்குப் பக்கத்தில் அடித்தே கொன்றிருந்தார்கள். அதற்குப் பிறகும் அந்தச் சட்டை! 2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் எல்லா அரசு மருத்துவமனையிலும் கொடு என்று தீர்ப்பளித்தது.

பெயர்_வேண்டாம்

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். கேட்கலாமா தெரியவில்லை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். நாள் கணக்கில் வெளியே. எனக்குச் சந்தேகம் உண்டு, ஆதாரம் இல்லை. கேட்டால் வீடு இரண்டாகும். நம் ஊரில் இந்த மாத்திரை கிடைக்குமா? நான் கெட்ட பெண் இல்லை.

சுருக்குப்பை

கடைசி வரியை அழித்துவிடு தங்கம். அது இங்கே யாருக்கும் தேவையில்லை.

டாக்டர் தில்லை

நீங்கள் கேட்டது நல்லது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியம். 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது. வழி தெரியாவிட்டால் 1097 என்ற அரசின் இலவச உதவி எண்ணில் கேட்கலாம்.

தொற்று இல்லை என்றால் பிரெப் பற்றி டாக்டரிடம் பேசலாம். மருந்து இங்கேயே தயாராகிறது, டாக்டர் சீட்டோடு வாங்கலாம். சிறுநீரகமும் மஞ்சள் காமாலை 'பி'யும் முதலில் பார்க்க வேண்டும். நம் நாட்டில் பெண்களுக்கு இது ஒத்துவராது என்று யாராவது சொன்னால், கல்கத்தா சோனாகாச்சியிலும் மைசூரிலும் பாலியல் தொழிலாளர் பெண்களின் சொந்தச் சங்கங்களே நடத்திய முன்னோட்டத் திட்டங்களைச் சொல்லுங்கள். இரண்டிலும் அறுநூறுக்கு மேற்பட்ட பெண்கள். பெரும்பாலோர் கடைசிவரை மாத்திரையை விடவில்லை. கூடப் பழகிய பெண்ணே கொண்டுவந்து கொடுத்தாள், அதுதான் விஷயம். உங்களைப் போல வீட்டில் இருக்கும் பெண்களுக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை, அது நம் குறை, உங்கள் குறை இல்லை.

ஏதாவது ஒரு நாள் ஆபத்து நடந்துவிட்டது என்று தோன்றினால் அது வேறு மருந்து, 28 நாள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தள்ளிப் போடாதீர்கள்.

மதுரைக்காரன்

அம்மா, நான் இந்த இழையில் முதலில் கேட்ட கேள்விக்காக மன்னியுங்கள். பக்கத்து ஊராக இருந்தால் என் மனைவி உங்களோடு துணைக்கு வருவாள். நெறியாளர் மூலம் சொல்லியனுப்புங்கள்.

பெயர்_வேண்டாம்

நன்றி அண்ணா. நன்றி டாக்டர். திங்கட்கிழமை போய் வந்தேன், தனியாகத்தான். தொற்று இல்லை. கவுன்சிலர் அக்கா நன்றாகப் பேசினார், பிரெப் என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெரிய டாக்டரிடம் எழுதிக் கொடுத்தார். இன்று டப்பா கையில் இருக்கிறது. வேப்பம்பூ அக்கா, நீங்கள் சொன்னது சரி. குலுங்குகிறது. மாமியார் காது கூர்மை.

வேப்பம்பூ

மாத்திரைக்கு மேலே கொஞ்சம் பஞ்சு வைத்து மூடி போடுங்கள், சத்தம் வராது. டர்பனில் பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். அரிசி டிரம்முக்குப் பின்னால் வைக்காதீர்கள், அங்கேதான் எல்லோரும் முதலில் தேடுவார்கள்.

டாக்டர் தில்லை

பஞ்சு வைக்கலாம், ஆனால் உள்ளே ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். டப்பாவை அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம். மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதனை.